காந்தத்தின் நுட்பம் கண்ட கே. எஸ். கிருஷ்ணன்

பெரும்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வழியே தாம்பரம் செல்லும் நாம், அங்குள்ள கிறிஸ்தவக் கல்லூரியை அறிவோம். 1937-இல் தாம்பரத்துக்கு வருமுன் அக்கல்லூரி சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்தது. அங்கே வேதியியல் கூடத்தில் செய்முறை காட்டும் பணியில் இருந்த இளைஞர் ஒருவர், மதிய இடைவேளையில் மாணவரின் ஐயங்களைத் தீர்த்து வைப்பாராம். பிற கல்லூரி மாணவரும் அவரைத் தேடி வருவார்களாம். அவரே கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன்.

1898 டிசம்பர் 4 அன்று வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன், 1920-இல் கல்கத்தா சென்றார். 1923 முதல் சர் சி. வி. இராமனுடன் ஆய்வு செய்தார். 1928-இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டபோது, நேச்சர் இதழில் வந்த அறிவிப்பில் இருவர் பெயரும் இருந்தன. 1930-இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே கிடைத்தது. இது பற்றி இன்றும் பேசுவோர் உண்டு. நமக்கோ, கிருஷ்ணன் அதன்பின் டாக்காவில் செய்த பணியே பெரிதாகத் தோன்றுகிறது.

காந்தம் இரும்பை இழுக்கும் என்று சிறு குழந்தையும் சொல்லும். ஆனால் தண்ணீரையும், துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையையும் காந்தம் மிக மிக மெல்லத் தள்ளுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு விசையை அளக்கவே அவர் முனைந்தார். சிறு படிகம் ஒன்றை மெல்லிய இழையில் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே தொங்கவிடுவார். இழையின் மேல் நுனியைப் பொறுமையாக முறுக்கிக்கொண்டே போவார். ஒரு கட்டத்தில் படிகம் சட்டென்று திரும்பிவிடும். அதுவரை முறுக்கிய கோணமே கணக்குக்கு ஆதாரம். அதைக்கொண்டு, அந்துருண்டைப் பொருளாகிய நாப்தலீன் படிகத்துக்குள் தட்டையான மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதையே சொல்லிவிட்டார்! இழையும் காந்தமும் பொறுமையும் அன்றி வேறென்ன இருந்தது?

1940-இல் இலண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1947-இல் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் எனப் பெருமைகள் வந்தன. அறிவியலைத் தமிழிலும் எழுதிய அவர், 1961 ஜூன் 14 அன்று மறைந்தார்.

காந்தத்தின் துணையால் எடுத்த முதல் எம்.ஆர்.ஐ. படம் வெளியானது 1973-இல்தான். அது கிருஷ்ணன் கண்ட கருவியன்று. ஆயினும் ஒரு பொருள் காந்தத்துக்கு எவ்வளவு இணங்குகிறது என்ற அவருடைய கேள்வி அங்கும் எழுகிறது. ஈரலில் கட்டி இருக்கிறதா என்று அறிய, இரும்பு ஆக்சைடு நுண்துகள்களை இரத்தத்தில் செலுத்தும் முறை ஒன்று உண்டு. மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறிட்டால் ஒரு கூறு நானோமீட்டர். இத்துகள்களின் அளவை நானோமீட்டரில்தான் சொல்வார்கள். நல்ல ஈரலிலுள்ள உயிரணுக்கள் இவற்றை விழுங்கிக்கொள்ளும். துகளின் காந்தம் சுற்றியுள்ள நீரின் குறிப்பைக் குலைப்பதால் அப்பகுதி படத்தில் கறுக்கும். துகளை ஏற்காத கட்டி மட்டும் வெளிறித் தெரியும். 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அத்தகைய மருந்தொன்று பிற்பாடு விற்பனையிலிருந்து விலகியது. இன்று பெரும்பாலும் கடோலினியம் சேர்ந்த மருந்துகளே ஊசிவழி செலுத்தப்படுகின்றன. இரும்புத் துகள்களைப் பற்றிய ஆய்வு ஆய்வுக்கூடங்களில் தொடர்கிறது.