லூயி வுய்ட்டனே பார்க்காத ‘லூயி வுய்ட்டன்’ பை: பெட்டிக்காரரின் பெயர் பிராண்ட் ஆனது எப்படி?

எல், வி என்ற இரண்டு எழுத்துகள் பின்னிக்கொண்டு கிடக்கும் பழுப்பு நிற ஹேண்ட்பேக்கை ரீல்ஸிலாவது பார்த்திருப்பீர்கள். விலை சாதாரணமாக லட்சத்தைத் தாண்டும். ஆனால், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான லூயி வுய்ட்டன் இந்தப் பையையோ, இந்த எழுத்து டிசைனையோ பார்த்ததே இல்லை. அப்படியென்றால் அவர் செய்தது என்ன?

வீட்டைவிட்டுக் கிளம்பிய சிறுவன்

1821-ல் பிரான்ஸின் கிழக்கே, ஜூரா மலைப்பகுதியில் உள்ள ஆன்ஷே என்ற சிற்றூரில் பிறந்தார் லூயி. அப்பா விவசாயி. அம்மா தொப்பி தைப்பவர். பத்து வயதிலேயே அம்மாவை இழந்தார். பதின்ம வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பி, 400 கிலோமீட்டருக்கும் மேல் நடந்தே பாரிஸ் போனார். வழியில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டே போனதால், பாரிஸை எட்டியபோது ஆண்டு 1837. வயது 16.

பட்டுக்கு ஒரு பெட்டி

மாரெஷால் என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். பயணம் போகும் பணக்காரர்களின் உடைமைகளை அளவெடுத்துப் பெட்டி செய்து, மடித்து அடுக்கித் தருவதுதான் வேலை. சும்மா பேக்கிங் வேலைதானே என்று நினைக்க வேண்டாம். அன்றைய சீமாட்டிகளின் பட்டு கவுன்கள் குடைபோல விரிந்தவை. அவற்றைக் கசங்காமல் கொண்டுசேர்க்கத் தனித் திறமை வேண்டும். அந்தக் கைநேர்த்திதான் அவரை அரண்மனைவரை கொண்டுபோனது. மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜெனி பேரரசியின் உடைகளுக்குப் பெட்டி செய்யும் பொறுப்பு கிடைத்தது.

1854-ல் சொந்தக் கடை. 1858-ல் வந்தது திருப்புமுனை. அதுவரை டிரங்க் பெட்டிகளின் மூடி மழைநீர் வழிய வசதியாக வளைந்திருக்கும். குதிரை வண்டிக்கு அது சரி. ஆனால் ரயிலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாது. லூயி தட்டையான மூடி வைத்தார். கனமான தோலுக்குப் பதிலாக, நீர் புகாத சாம்பல் நிற கேன்வாஸ் துணியைப் போர்த்தினார். பெட்டி எடை குறைந்தது, ஆர்டர் குவிந்தது. அடுத்த ஆண்டே ஆனியேரில் பெரிய பட்டறை அமைத்தார்.

போரும் போலியும்

1870-ல் பிரஷ்யாவுடன் போர் வெடித்தது. அது முடிந்து திரும்பிப் பார்த்தால், பட்டறை சூறையாடப்பட்டுக் கிடந்தது. கருவிகள் இல்லை, ஆட்களும் இல்லை. ஐம்பது வயதில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பாரிஸின் ஸ்க்ரீப் தெருவில் புதுக் கடை திறந்தார்.

இன்னொரு தலைவலி, காப்பியடிப்பவர்கள். சாம்பல் நிறத்தைக் காப்பியடித்ததால் 1872-ல் கோடு போட்ட துணிக்கு மாறினார். அதையும் விட்டுவைக்கவில்லை. 1888-ல் செஸ் போர்டு போன்ற கட்டம் போட்ட துணி வந்தது. கட்டங்களுக்கு நடுவே, பதிவு பெற்ற முத்திரை என்ற குறிப்போடு தன் பெயரையும் அச்சிட்டார்கள்.

1892-ல் லூயி காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1896-ல், மகன் ஜார்ஜ் அப்பாவின் பெயரின் முதல் எழுத்துகளைப் பூக்களோடு சேர்த்து, இன்று உலகமே அறிந்த டிசைனை உருவாக்கினார். அதற்கும் காரணம் போலிகளைத் தடுப்பதுதான். கீப்பால், ஸ்பீடி போன்ற பைகள் வந்ததெல்லாம் 1930-களில்.

இன்று அந்த எழுத்துகள் பையிலும் பட்டு ஸ்கார்ஃபிலும் அந்தஸ்தின் அடையாளம். போலிச் சந்தையில் அதிகம் காப்பியடிக்கப்படுவதும் அதே டிசைன்தான். ஆனால் லூயியின் காலத்தில் மக்கள் காசு கொடுத்தது பெயருக்காக அல்ல. உள்ளே வைத்த பட்டு, ஊர் போய்ச் சேரும்போதும் கசங்காமல் இருக்கும் என்ற நம்பிக்கைக்காக. பெயர் வந்தது அதற்கு அப்புறம்தான். அடுத்த முறை ஒரு பிராண்ட் பையைப் பார்த்து ஆசைப்படும்போது, நாம் காசு கொடுக்கப்போவது இந்த இரண்டில் எதற்கு என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.