எரேமியா (இறைவாக்கினர்)

எரேமியா கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் யூதா நாட்டில் வாழ்ந்த எபிரேய இறைவாக்கினர் ஆவார். விவிலியத்தின் எரேமியா நூல் இவர் பெயரால் வழங்குகிறது. ஆட்சியாளரின் அநீதியைக் கண்டித்ததற்காகவும், எருசலேமின் அழிவை முன்னறிவித்ததற்காகவும், அவ்வழிவின் நடுவிலும் நாட்டின் மறுவாழ்வை நம்பியதற்காகவும் இவர் அறியப்படுகிறார். இவரது வாழ்க்கை பற்றிய செய்திகள் பெரும்பாலும் அந்நூலிலிருந்தே கிடைக்கின்றன.

இளமையும் அழைப்பும்

எருசலேமுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் இருந்த அனத்தோத்து என்னும் ஊரில், குருக்கள் குடும்பம் ஒன்றில் பிறந்தார். யோசியா அரசரின் 13ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 627 அளவில், இறையழைப்பைப் பெற்றார். தாம் சிறுவன் என்று சொல்லி முதலில் தயங்கியதாக நூல் கூறுகிறது.

யோயாக்கிம் ஆட்சியில்

கி.மு. 609இல் எகிப்திய மன்னன் நெக்கோவை எதிர்த்துச் சென்ற யோசியா மெகிதோவில் மாண்டார். பின்னர் நெக்கோ, யோசியாவின் மகன் யோயாக்கிமை அரியணையில் அமர்த்தினான். எகிப்துக்குக் கப்பம் கட்ட மக்கள்மீது வரி விதித்த யோயாக்கிம், கூலி கொடாமல் வேலை வாங்கி அரண்மனை கட்டியதை எரேமியா வெளிப்படையாகக் கண்டித்தார். எளியோரை ஒடுக்கும் நகரைக் கோவில் காப்பாற்றாது என்று கோவில் வாயிலில் நின்றே பேசினார். இதற்காக இவருக்குக் கொலைத் தண்டனை கோரப்பட்டது. அகிக்காம் என்னும் அலுவலரின் ஆதரவால் உயிர் தப்பினார். இவரைப் போலவே பேசிய உரியா என்பவர் கொல்லப்பட்டார்.

கி.மு. 605 அளவில் எரேமியா சொல்லச் சொல்ல, பாரூக்கு என்பவர் சுருளேடு ஒன்றில் எழுதினார். அது அரசர் முன் படிக்கப்பட்டபோது, அவர் அதைச் சிறிது சிறிதாகக் கத்தியால் அறுத்துக் கணப்பு நெருப்பில் எறிந்தார். எரேமியா மீண்டும் எழுதச் செய்தார். புதிய ஏடு முன்னதைவிடப் பெரியதாக அமைந்தது.

முற்றுகைக் காலம்

கி.மு. 597இல் பாபிலோனிய மன்னர் நெபுகத்னேசர் எருசலேமைக் கைப்பற்றினார். அரசர் யோயாக்கினையும் மக்களில் பலரையும் நாடு கடத்தி, செதேக்கியாவை அரசராக்கினார். இரண்டே ஆண்டுகளில் அனைவரும் திரும்புவர் என்று அனனியா என்பவர் அறிவித்தார். எரேமியா இதை மறுத்தார். வீடு கட்டி, தோட்டமிட்டு, தாங்கள் வாழும் நகரின் நலனுக்காக மன்றாடுமாறு நாடு கடத்தப்பட்டோருக்கு மடல் எழுதினார்.

செதேக்கியா கிளர்ச்சி செய்ததால் எருசலேம் மீண்டும் முற்றுகையிடப்பட்டது. செல்வர்கள் தங்கள் எபிரேய அடிமைகளை விடுவித்தனர். பாபிலோனியப் படை சிறிது காலம் விலகியதும் அவர்களை மீண்டும் அடிமையாக்கினர். இதையும் எரேமியா கண்டித்தார். சரணடைவதே உயிர் காக்கும் வழி என்று கூறியதால், சேறு நிறைந்த பாழ்ங்கிணற்றில் இறக்கப்பட்டார். அரண்மனை அலுவலரான எத்தியோப்பியர் எபேது மெலேக்கு, கயிறும் கந்தல் துணிகளும் கொண்டு இவரை மீட்டார்.

நிலம் வாங்குதல்

காவல்கூட முற்றத்தில் கைதியாக இருந்தபோது, உறவினர் அனமேலிடமிருந்து அனத்தோத்தில் இருந்த நிலமொன்றை எரேமியா 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்கினார். பகைவர் படை சூழ்ந்திருந்த நாட்டில் அந்நிலத்தால் அப்போது எப்பயனும் இல்லை. எனினும் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார், சாட்சிகள் கையொப்பமிட்டனர். முத்திரையிட்ட பத்திரமும் அதன் திறந்த படியும் நெடுங்காலம் நிலைக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கப்பட்டன. அந்நாட்டில் வீடும் நிலமும் மீண்டும் வாங்கப்படும் என்பதற்கு இச்செயல் அடையாளமாகும். அனனியாவின் நம்பிக்கை தோல்வியை மறுத்தது. எரேமியாவின் நம்பிக்கையோ தோல்வியை ஏற்றுக்கொண்டு, அதற்கு அப்பால் நோக்கியது.

இறுதிக்காலம்

கி.மு. 587 அல்லது 586இல் நகர் வீழ்ந்தது, கோவில் எரிக்கப்பட்டது. பாபிலோனியர் எரேமியாவை விடுவித்தனர். அவர் எஞ்சிய மக்களோடு நாட்டிலேயே தங்கினார். ஆளுநர் கெதலியா கொலையுண்டபின், எகிப்துக்குத் தப்பியோடியோர் எரேமியாவையும் பாரூக்கையும் உடன் கொண்டு சென்றனர். இவரது இறப்பைப் பற்றி விவிலியம் எதுவும் கூறவில்லை. கி.மு. 539இல் பாரசீக மன்னர் சைரசு பாபிலோனைக் கைப்பற்றியபின், நாடு கடத்தப்பட்டோரின் வழிவந்தோரில் ஒரு பகுதியினர் யூதாவுக்குத் திரும்பினர்.

நூலும் சான்றுகளும்

எரேமியா நூல் 52 அதிகாரங்களைக் கொண்டது. இதன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு எபிரேய வடிவத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சிறியது. எனவே நூல் நீண்ட காலத்தில் தொகுக்கப்பட்டது என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கி.மு. 597இல் எருசலேம் கைப்பற்றப்பட்டதைப் பாபிலோனியக் குறிப்பேடும் பதிவு செய்துள்ளது. யோயாக்கினுக்கு எண்ணெய் வழங்கப்பட்டதைக் குறிக்கும் களிமண் பலகைகள் பாபிலோனில் கண்டெடுக்கப்பட்டன.