தேனீயின் வேலையைத் தம் கையால் செய்தவர்

மதுரவாயல் என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது எது? மேம்பாலமும் புறவழிச் சாலையும் ஓயாத லாரிகளும்தாம்! அதே மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவர ஆராய்ச்சிக் களத்தில், மூலிகைச் செடிகளுக்கு நடுவே வாழ்ந்து, 1984 பிப்ரவரி 7ஆம் நாள், தமது 86ஆம் வயதில் கண்மூடினார் ஓர் அம்மையார். அவர்தாம் விஞ்ஞானி ஜானகி அம்மாள்.

1897இல் தலைச்சேரியில் பிறந்தவர். பெண்ணுக்கு மணமாலையே கதி என்றிருந்த நாளில், மணம் வேண்டாம், படிப்பே போதும் என்று துணிந்தார். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். கடல் கடந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். கோவையில் கரும்பை ஆராய்ந்தார். இங்கிலாந்தில், டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் பற்றிய பெருநூலை 1945இல் வெளியிட்டார். நேரு அழைக்க, 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பேற்றார். 1977இல் பத்மஸ்ரீ பட்டம் அவரைத் தேடி வந்தது.

அவர் செய்த வேலைதான் என்ன? ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து மற்றொரு பூவில் சேர்ப்பது, கலப்பினம் காண்பது. மனிதன் பூப்பூவாகக் குனிந்து செய்யும் இந்த வேலையை, கூலி கேளாமல், நாள்தோறும் நூற்றுக்கணக்கான பூக்களில் செய்து முடிக்கிறதே தேனீ! மிச்சிகனில் அம்மையார் உண்டாக்கிய கத்தரி இனம் அவர் பெயரையே தாங்கியது. அந்தக் கத்தரிப் பூவைப் பாருங்கள். மகரந்தம் சிறு துளைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கும். தச்சுத்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு ரீங்கரித்து உலுக்கினால் பொலபொலவென்று கொட்டும், காய்ப்பும் கூடும்.

எண்பதை எட்டிய வயதில், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை அணை நீர் விழுங்கக்கூடாது என்று குரல் கொடுத்தார் அம்மையார். 1983இல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று. அதைக் காண அவர் இல்லை.

காட்டுச் செடிக்கும் நம் வீட்டுக் குழம்புச் சட்டிக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். தேனீதான் அந்த உறவு! உலகின் முக்கிய உணவுப் பயிர்களில் நான்கில் மூன்று, ஓரளவேனும் தேனீ போன்ற உயிர்களை நம்பியுள்ளன. பூ குறைந்தால் தேனீ பட்டினி. பூச்சிமருந்து மிஞ்சினால் தேனீ பிணம். போதாக்குறைக்கு 1991இல் தென்னாட்டில் பரவிய நோய் பெட்டித் தேனீக்களைக் கூட்டங்கூட்டமாக அழித்தது.

அம்பத்தூரில் 1960களில் தொழிற்பேட்டை எழுந்தது. ஆயிரமாயிரம் பேருக்குச் சோறு போட்டது. அதைக் குறை சொல்வாரில்லை. ஆனால் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் வயல் மனையானபோது, வரப்புப் பூவும் வேலிப் பூவும் போயினவே, அவற்றுக்கு ஈடு செய்தோமா? மரமிழந்த மலைத்தேனீ அடுக்குமாடிச் சுவரில் கூடு கட்டினால், மருந்தடித்துக் கொல்ல ஆளை அழைக்கிறோம். வீட்டைப் பறித்தவனே விருந்தாளியைக் கொல்லும் நீதி இது!

கூட்டைக் கொல்லாமல் அகற்றத் தெரிந்தவர்களை அழைப்போம். பூத்த செடிக்கு மருந்தடிப்பதை நிறுத்துவோம். ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் புங்கும் வேம்பும் நாவலும் நடும்படி நகராட்சிகளை வற்புறுத்துவோம். மதுரவாயல் அம்மையாருக்குச் சிலை வேண்டாம். தேனீ மொய்க்கும் ஒரு புங்கமரம் போதும்!