தேவனாம்பட்டினத்தில் மறைந்த கணித அறிஞர்

1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைக் கைக்கொண்டனர். அடுத்த இருபதாண்டுக் காலம் சோழமண்டலக் கடற்கரை இரு ஐரோப்பிய அரசுகளின் போர்க்களமாயிற்று. அந்நாளில், துப்பாக்கிக் குண்டின் போக்கைக் கணிதத்தால் அளந்து காட்டிய அறிஞர் ஒருவர், நமக்கு வடக்கே இதே கரையில், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் உயிர் நீத்தார். அவர் பெஞ்சமின் ராபின்ஸ்.

1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில், எளிய குவேக்கர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். படைக்கலம் ஏந்துவதையே பாவமெனக் கருதும் சமயப் பிரிவு அது. லண்டனுக்குச் சென்று கணிதம் கற்பித்துப் பிழைத்த இளைஞர், அச்சமய ஒழுக்கங்களை மெல்லக் கைவிட்டார். 1727-இல், இருபது வயதில், ராயல் கழகத்தின் உறுப்பினரானார்.

1742-இல் பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகளைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. ஊசலாகத் தொங்கவிட்ட கட்டையின்மீது குண்டைச் செலுத்தி, கட்டை எவ்வளவு எழும்புகிறது என்பதைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணித்தார். விரைந்து செல்லும் குண்டைக் காற்று எத்துணை வலிமையாகத் தடுக்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று. 1745-இல் மாமேதை ஆய்லர் அந்நூலைத் தம் விரிவான குறிப்புகளுடன் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1746-இல் ராபின்சுக்குக் காப்ளி பதக்கம் கிடைத்தது.

குண்டு ஏன் வழி தவறுகிறது என்ற வினா அவரை விடவில்லை. துப்பாக்கிக் குழலின் முனையை இடப்புறம் வளைத்துச் சுட்டார். இடப்புறம் புறப்பட்ட குண்டு, போகப்போக வலப்புறம் திரும்பியது. குழலின் சுவரில் உராய்ந்து பெற்ற சுழற்சியே அதற்குக் காரணமென்றார். ஆய்லர் இதனை ஏற்கவில்லை. 1852-இல் மாக்னஸ் செய்த சோதனைகளே ராபின்சின் கருத்தை நிலைநாட்டின.

கண்டபடி சுழலும் குண்டு தடம் மாறுமெனின், செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழல வைத்தால் நேரே செல்லுமன்றோ? குழலின் உட்புறத்தில் திருகுவரி வெட்டிய ரைஃபிளை வேட்டைக்காரர்கள் முன்பே அறிந்திருந்தனர். அதன் காரணத்தை 1747-இல் விளக்கியவர் ராபின்ஸ். உருண்டைக்கு மாற்றாக முட்டை வடிவக் குண்டையும் அவர் பரிந்துரைத்தார்.

திருகு எவ்வளவு இருத்தல் வேண்டும் என்பது பின்வந்தோர் தீர்த்த கணக்கு. ஒரே விட்டமுடைய குண்டுகளில் எடை மிகுந்தது பெரும்பாலும் நீளமும் மிகுந்திருக்கும். நீண்ட குண்டைக் காற்று எளிதில் புரட்டிவிடும். ஆதலின் அது பம்பரம்போல் இன்னும் விரைந்து சுழல வேண்டும். 1879-இல் கிரீன்ஹில் எளிய விதியொன்று வகுத்தார்: குண்டின் நீளம் அதன் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கோ, அவ்வெண்ணால் 150-ஐ வகுக்க வேண்டும். வரும் ஈவு, ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை விட்டத் தொலைவு என்பதைக் காட்டும். நீளம் விட்டத்தின் மும்மடங்காயின் 50, ஐம்மடங்காயின் 30. சுழற்சி குறைந்தால் குண்டு தடுமாறும். மிகுந்தாலோ வார்ப்பில் உள்ள சிறு குறையும் பெரிதாகிக் குறி சிதறும்.

1749-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்சைத் தலைமைப் பொறியாளராக அமர்த்தியது. சென்னைக் கோட்டையையும் புனித டேவிட் கோட்டையையும் வலுப்படுத்துவது அவர் பணி. 1750 ஜூலையில் வந்திறங்கினார். காய்ச்சலால் நலிந்து 1751 ஜூலை 29-இல் மறைந்தார். அப்போது வயது 44.

1758 ஜூனில் லாலி அக்கோட்டையைக் கைப்பற்றி இடித்தார். அவ்வாண்டே தஞ்சையில் தோல்வியுற்றுக் காரைக்காலுக்குப் பின்வாங்கினார். 1760-இல் காரைக்காலும் ஆங்கிலேயர் வசமாயிற்று. ராபின்ஸ் காக்க வந்த மதில் ஏழாண்டுகளே நின்றது; அவர் கண்ட உண்மை இன்றும் நிற்கிறது. கொல்லாமை பேணிய குடியிற் பிறந்தவரின் கணக்கு உலகப் படைகளுக்கெல்லாம் பயன்பட்டதை எண்ணும்போது, வியப்போடு வருத்தமும் எழுகின்றது. அறிவைப் போற்றும் நாம் அவ்விரண்டையும் சேர்த்தே நினைவிற்கொள்ளுதல் தகும்.