'மனோகரா' கதையை எழுதியது யார்? கோர்ட்டுக்கும் மேடைக்கும் நடுவே வாழ்ந்த பம்மல் சம்பந்த முதலியார்

டிவியில் 'மனோகரா' ஓடினால் சேனலை மாற்றாமல் உட்கார்ந்து பார்ப்பவர்கள் இன்றும் உண்டு. சங்கிலியில் கட்டுண்டு நிற்கும் சிவாஜி, அம்மாவாக வரும் கண்ணாம்பா, கருணாநிதியின் அனல் பறக்கும் வசனம். படம் வந்தது 1954இல். ஆனால், அந்தக் கதை கருணாநிதியுடையது இல்லை. சிவாஜி பிறப்பதற்கு முன்பே தமிழ் மேடைகளில் ஓடிக்கொண்டிருந்த நாடகம் அது. எழுதியவர் ஒரு வக்கீல். பிறகு ஜட்ஜ் ஆனவர். அவர்தான் பம்மல் சம்பந்த முதலியார்.

தமிழ் நாடகத் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். ஏன் அந்தப் பட்டம்? அப்படி என்ன செய்தார்?

தமிழ் நாடகமே பிடிக்காத பையன்

1873இல் சென்னையில் பிறந்தவர் சம்பந்தம். பல்லாவரம் பக்கத்தில் இருக்கும் பம்மல்தான் குடும்பத்தின் பூர்வீக ஊர். அப்பா விஜயரங்க முதலியார் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். வீட்டில் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. சின்ன வயதிலேயே ஷேக்ஸ்பியர் அறிமுகமாகிவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அப்போது அவருக்குத் தமிழ் நாடகம் என்றாலே ஆகாது. விடிய விடிய நடக்கும், பாட்டுக்கு மேல் பாட்டு வரும், கதை நகரவே நகராது என்பது அவருடைய எண்ணம். நடிப்பவர்களுக்கும் அன்றைக்கு மரியாதை கிடையாது. கூத்தாடி என்ற சொல்லையே வசவாகப் பயன்படுத்திய காலம். நாலு எழுத்து படித்த வீட்டுப் பிள்ளை மேடை ஏறுவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

எல்லாம் மாறியது 1891இல். பெல்லாரியிலிருந்து ஒரு தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. அதை நடத்திய தர்மவரம் கிருஷ்ணமாச்சார்யுலு ஒரு வக்கீல். படித்தவர்கள், வேலையில் இருப்பவர்கள் கூச்சமில்லாமல் வேடம் கட்டி நடித்ததைப் பார்த்த சம்பந்தத்துக்கு ஒரே கேள்விதான் எழுந்தது. தெலுங்கில் முடியும் என்றால் தமிழில் ஏன் முடியாது?

அதே வருடம் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18.

பகலில் கோர்ட், சாயங்காலம் ஒத்திகை

சபா இருக்கிறது, நடிக்க ஆள் இருக்கிறது. நாடகம் எங்கே? அதையும் அவரே எழுத வேண்டியிருந்தது. முதலில் எழுதியது 'புஷ்பவல்லி'. பிறகு 'லீலாவதி சுலோசனா', 'மனோகரா' என்று வரிசையாக வந்தன. பாட்டைக் குறைத்து, பேச்சு நடையில் வசனம் எழுதினார். சில மணி நேரத்தில் முடிகிற மாதிரி கதையைக் கட்டினார். இன்றைக்கு இது சாதாரண விஷயம். அன்றைக்கு இதுவே புரட்சி.

படித்து முடித்து வக்கீலான பிறகும் மேடையை விடவில்லை. பகலில் கோர்ட், சாயங்காலம் ஒத்திகை. வக்கீல்களும் அதிகாரிகளும் சபாவில் சேர்ந்தார்கள். பின்னாளில் காங்கிரஸின் பெரிய தலைவராக இருந்த சத்தியமூர்த்தியும் இந்த சபாவில் நடித்தவர்தான்.

சபாவில் பெண் வேடங்களையும் ஆண்களே போட்டார்கள். சம்பந்த முதலியாருக்கு ஜோடியாகப் பல வருடம் நாயகி வேடம் கட்டியவர் ரங்கவடிவேலு. அவரும் வக்கீல். அவருடைய மறைவு சம்பந்த முதலியாருக்குப் பெரிய அடி. தன் மேடை அனுபவங்களை எழுதிய 'நாடக மேடை நினைவுகள்' நூல் முழுக்க இந்த நண்பரின் நினைவு வந்துகொண்டே இருக்கும்.

1924இல் சென்னை ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதியானார். கூத்தாடி என்று ஏளனம் பேசிய ஊரில், நாடகக்காரர் ஒருவர் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஹாம்லெட் எப்படி அமலாதித்யன் ஆனார்?

ஷேக்ஸ்பியரை வரிக்கு வரி மொழிபெயர்த்தால் நம்ம ஊர் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். கதையின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, ஊரையும் பேரையும் பழக்கவழக்கத்தையும் நம்முடையதாக மாற்றினார்.

பெயரிலேயே அந்த சாமர்த்தியம் தெரியும். ஹாம்லெட் அமலாதித்யன் ஆனார். மேக்பெத் மகபதி ஆனார். சிம்பலின் சிம்ஹளநாதன் ஆனார். வெனிஸ் நகர வியாபாரியின் கதை வாணீபுர வணிகன் ஆனது. காதில் விழும் ஓசை கிட்டத்தட்ட அதேதான், ஆனால் ஆள் நம்ம ஆள். ஷேக்ஸ்பியர் யார் என்றே தெரியாதவரும் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்க்கலாம்.

ஷேக்ஸ்பியரோடு நிற்கவில்லை. பிரெஞ்சு நாடக ஆசிரியர் மோலியேரின் நகைச்சுவை 'காளப்பன் கள்ளத்தனம்' ஆனது. வடமொழியிலிருந்து காளிதாசரின் நாடகங்களும் தமிழுக்கு வந்தன.

நம்ம ஊர்ப் பழைய கதையையும் அவர் சும்மா விடவில்லை. அரிச்சந்திரன் பெயரைத் திருப்பிப் போட்டு 'சந்திரஹரி' என்று ஒரு நாடகம் எழுதினார். அரிச்சந்திரன் பொய்யே சொல்ல மாட்டான். சந்திரஹரி உண்மையே சொல்ல மாட்டான். பின்னாளில் என்.எஸ்.கிருஷ்ணன் நடிப்பில் அது படமாகவும் வந்தது.

மேடையிலிருந்து திரைக்கு

மொத்தம் 90க்கும் மேற்பட்ட நாடகங்கள். படித்தவர்களின் சபாவுக்காக எழுதியவை என்றாலும், அதோடு நின்றுவிடவில்லை. ஊர் ஊராகப் போன தொழில்முறைக் குழுக்களும் பாய்ஸ் கம்பெனிகளும் 'மனோகரா'வைத் தங்கள் நாடகமாகவே ஆக்கிக்கொண்டன. கடல் தாண்டியும் போனது அவருடைய செல்வாக்கு. இலங்கைத் தமிழ் நாடகத்தின் முன்னோடியான கலையரசு சொர்ணலிங்கம், சம்பந்த முதலியாரைத்தான் தன் குருவாகக் கருதினார்.

பேசும் படம் வந்ததும் அவருடைய மேடைக் கதைகள் திரைக்குப் போயின. மண்டு ஜமீன்தார், அவரை மிஞ்சிய மண்டு வேலைக்காரன், இரண்டு பேருக்கும் ஒரே பெயர். 1941இல் ஏவிஎம் எடுத்த 'சபாபதி' அவர் நாடகம்தான். டி.ஆர்.ராமச்சந்திரனும் காளி என்.ரத்னமும் அடிக்கும் லூட்டி இன்றும் சிரிக்க வைக்கிறது. 'மனோகரா' இரண்டு முறை படமானது. முதலில் 1936இல், அப்புறம் சிவாஜியை வைத்து 1954இல்.

1959இல் பத்ம பூஷண் விருது கிடைத்தது. 1964இல், 91 வயதில் காலமானார்.

ஏன் இவரை நினைக்க வேண்டும்?

கதை எழுதியவரை விட நடித்தவர் முகம்தான் ஜனங்கள் மனதில் நிற்கும். அது இயல்புதான். ஆனால், நடிப்பு கௌரவமான வேலை என்று சொல்லவே ஆள் இல்லாத காலத்தில், தன் பட்டத்தையும் பதவியையும் பெயரையும் பணயம் வைத்து மேடை ஏறியவர் இவர். பின்னாளில் நடிகர்களுக்குக் கிடைத்த கைத்தட்டலிலும் மரியாதையிலும் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

சென்னை சென்ட்ரல் பக்கம் போனால், ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் சிவப்பாக நிற்கும் விக்டோரியா ஹாலை ஒரு நிமிடம் பாருங்கள். சுகுண விலாச சபா பல வருடம் இயங்கியது அங்கேதான். டென்மார்க் இளவரசன் தமிழ் பேசிய மேடை அது.