பிள்ளை இல்லாதவரின் பெரிய குடும்பம்
நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகளின் கதை

விடியற்காலை நேரம். இரவு முழுவதும் நடந்த நளதமயந்தி நாடகம் அப்போதுதான் முடிந்திருந்தது. சனீசுவரன் வேஷம் போட்டவர், முகப்பூச்சைக் கழுவ ஏரிக்குப் போனார். அங்கே துறையில் ஒரு பெண் துணி துவைத்துக் கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். மங்கிய இருட்டில் பயங்கரமான உருவம்! வீல் என்று அலறிக் கீழே விழுந்தாள். பிறகு அவள் எழுந்திருக்கவே இல்லை.

சாவித்திரி நாடகத்தில் இதே நடிகர் எமனாக வந்து பாசக்கயிற்றை வீசியபோது, நாடகம் பார்த்துக் கொண்டிருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்து போயிற்றாம். இந்த இரண்டு சம்பவங்களையும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

வேறு ஒரு நடிகராக இருந்தால், தன் நடிப்பின் பெருமை என்று இவற்றைச் சொல்லிக் கொண்டிருப்பார். இவர் மனம் உடைந்தார். வேஷம் போடுவதையே விட்டுவிட்டார். அவர்தான் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்.

கணக்கு எழுதிய கை

கரிசல் சீமைக்காரர்களுக்கு சுவாமிகள் அயலார் அல்ல. தூத்துக்குடிக்கு அருகே உள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ம் ஆண்டு பிறந்தவர். தந்தை தாமோதரன் தமிழ்ப் புலவர். ராமாயணத்தில் வல்லவர். மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் சங்கரன் இலக்கணமும் இலக்கியமும் கற்றார்.

படித்து முடித்ததும் தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கர் வேலை கிடைத்தது. மாதம் பிறந்தால் சம்பளம். வீட்டுக்கு நிம்மதி. ஆனால், கணக்கு எழுதிய கைக்குப் பாட்டு எழுதத்தான் ஆசை.

அது விக்டோரியா மகாராணியின் ஆட்சிக் காலம். 1876-ல் கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் வந்துவிட்டது. தெருவில் தீவட்டி வெளிச்சத்தில் கூத்து பார்த்த மக்கள், திரைச்சீலையும் மேடையும் ஆர்மோனியமும் கொண்ட நாடகக் கம்பெனிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். திரைகளையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கம்பெனிகள் ஊர் ஊராகச் சென்றன.

நாடகத்தை ரசித்த ஊரே நாடகக்காரனை மதிக்காத காலம் அது. கூத்தாடி என்று ஏளனமாகப் பேசுவார்கள். அப்படிப்பட்ட காலத்தில், தமது 24-வது வயதில், நிலையான வேலையை விட்டுவிட்டு 1891-ல் நாடகத்தில் சேர்ந்தார் சங்கரதாஸ். இரணியன், ராவணன், எமன், சனீசுவரன் என்று முரட்டு வேஷங்கள் அவருக்குக் கிடைத்தன. அவை எங்கே கொண்டு போய் விட்டன என்பதை முதலிலேயே பார்த்தோம்.

பற்று அற்ற துறவி

நடிப்பை விட்டவர், நாடகம் எழுதுவதிலும் கற்றுக் கொடுப்பதிலும் இறங்கினார். இடையில் உலக வாழ்வில் வெறுப்பு வந்தது. காவி கட்டிக் கோவில் கோவிலாக யாத்திரை போனார். அப்போதுதான் சுவாமிகள் என்ற பெயர் வந்தது.

யாத்திரை முடிந்து புதுக்கோட்டைக்கு வந்தார். அங்கே கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரை அன்போடு வரவேற்றார். தாள நுட்பங்களைச் சொல்லிக் கொடுத்தார். தம் மகனாகவே அவரை ஏற்றுக் கொண்டார். உறவை உதறிவிட்டு வந்த துறவிக்கு ஒரு புது உறவு!

அந்த வீட்டிலிருந்து மீண்டும் நாடக உலகத்துக்கே திரும்பினார் சுவாமிகள். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ஜுனா, பிரகலாதன் என்று 40-க்கும் மேற்பட்ட நாடகங்கள் அவர் கையிலிருந்து பிறந்தன.

கம்பெனி வீட்டுப் பிள்ளைகள்

பெரிய நடிகர்கள் சொன்னபடி கேட்பதில்லை. மேடையில் தோன்றியதைப் பேசினார்கள். சிறு பிள்ளைகளைப் பழக்கினால் நாடகம் உருப்படும் என்று நினைத்தார் சுவாமிகள். 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபையை நடத்தினார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையின் ஆசிரியரானார்.

பிள்ளைகள் கம்பெனி வீட்டிலேயே தங்க வேண்டும். அங்கேயே சாப்பாடு, பாட்டு, பாடம், ஒத்திகை எல்லாம். தாயை விட்டு வந்த சிறுவர்களுக்கு அது எளிய வாழ்க்கை அல்ல. ஏழைக் குடும்பங்களுக்கோ, பிள்ளை வயிறாரச் சாப்பிட்டு ஒரு தொழிலையும் கற்றுக்கொள்ள அது ஒரு வழி.

ஸ்திரீபார்ட் நடிகர் கண்ணுசாமிப் பிள்ளையின் மகன்கள் அந்த மதுரை சபையில் சேர்ந்தார்கள். அவர்களில் சண்முகத்துக்கு வயது 6. அந்தச் சிறுவனுக்காகவே சுவாமிகள் ஒரே இரவில் அபிமன்யு சுந்தரி நாடகத்தை எழுதி முடித்தார். பொழுது விடிந்தபோது பாட்டும் வசனமும் தயார்!

பேச்சு நின்றது

1921-ல் பேரிடி விழுந்தது. பக்கவாதம் சுவாமிகளைத் தாக்கியது. கையும் காலும் முடங்கின. நூற்றுக்கணக்கான பேருக்குப் பேசக் கற்றுக்கொடுத்த வாய், பேச்சை இழந்தது. அப்போதும் அவர் பிள்ளைகளை விட்டுப் பிரியவில்லை. கம்பெனி போன ஊருக்கெல்லாம் கூடவே போனார்.

1922 நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் அவர் உயிர் பிரிந்தது. வயது 55. அங்கே கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது.

வம்சம் வளர்ந்தது

சுவாமிகள் மணம் செய்து கொள்ளவில்லை. ஆனால், அவர் வம்சம் அற்றுப் போகவில்லை.

சண்முகமும் சகோதரர்களும் 1925-ல் சொந்தமாக நாடக சபை தொடங்கினார்கள். அவர்களே டி.கே.எஸ். சகோதரர்கள். அவ்வையாராக நடித்து அவ்வை சண்முகம் என்று பெயர் பெற்றவர் அந்த 6 வயதுப் பையன்தான். அவரிடம் சிறு வயதில் நாடகம் பழகியவர் நடிகர் கமல்ஹாசன். கமல் 1996-ல் நடித்த அவ்வை சண்முகி படத்தின் பெயரில் அந்த உறவு தெரிகிறது.

சிவகாசியில் பிறந்த விசுவநாத தாஸ், மேடையில் தேசபக்திப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை சென்றவர். 1940 டிசம்பர் 31-ல் சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே அவர் உயிர் நீத்தார்.

இன்றும் புதூர், விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசல் ஊர்களில் கோவில் விழா என்றால் வள்ளி திருமணம் நடக்கும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறு ஊர். பபூன் இன்னோர் ஊர். ஆர்மோனியக்காரர் மற்றோர் ஊர். ஒத்திகை கிடையாது. மாலையில் சந்திப்பார்கள், இரவில் மேடை ஏறுவார்கள், விடிய விடிய நாடகம் நடக்கும்.

முன்பின் பழகாதவர்கள் எப்படிச் சேர்ந்து நடிக்கிறார்கள்? எல்லாரும் படித்தது ஒரே பாடம். சுவாமிகள் வகுத்த பாடம். ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் சொத்து பொதுவாக இருப்பது போல, அந்தப் பாடம் அவர்களுக்குப் பொதுச் சொத்து.

அதனால்தான் நாடகக்காரர்கள் அவரைத் தங்கள் முன்னோராக எண்ணி, மதுரையில் ஆண்டுதோறும் அவருக்குக் குருபூஜை செய்கிறார்கள்.

அடுத்த முறை உங்கள் ஊரில் முருகனும் வள்ளியும் மேடை ஏறும்போது, உப்புக் கணக்கை மூடி வைத்துவிட்டுப் புறப்பட்ட அந்த 24 வயது வாலிபரையும் ஒரு நிமிஷம் நினைத்துக் கொள்ளுங்கள்.