எம்டன் தலைவர் முல்லர்

வகுப்பில் ஒரு மாணவன் ஆசிரியர் கண்ணில் மண்ணைத் தூவித் தன் காரியத்தைச் சாதித்துக்கொண்டால், அவன் பெரிய எம்டன் என்று ஏனைய பிள்ளைகள் வியப்பதை ஆசிரியத் தொழிலில் இருப்போர் பலகாலும் கேட்டிருப்பர். அச்சொல்லுக்கு வேர் தேடப் புகுந்தால் தமிழிலும் கிடையாது, வடமொழியிலும் கிடையாது. அது ஜெர்மனி நாட்டுத் துறைமுக நகரொன்றின் பெயர். அப்பெயர் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று 1914 ஆம் ஆண்டில் வங்கக்கடலில் உலாவி அச்சம் விளைத்தமையால் அச்சொல் நம் பேச்சினுள் புகுந்தது. கப்பலின் பெயரை நாம் மறந்தோமல்லோம். அதனைச் செலுத்திய மனிதரையே மறந்துவிட்டோம். அவர் வாழ்வு முதலாம் உலகப் பெரும்போரின் தொடக்கத்தையும் முடிவையும் தன்னகத்தே கொண்டது. ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்க நோக்குவோம்.

கார்ல் வொன் முல்லர் 1873 ஆம் ஆண்டு ஜூன் 16 ஆம் நாள் ஹனோவர் நகரில் படைத்தலைவர் ஒருவரின் மைந்தராகப் பிறந்தார். 1891 இல் கடற்படையிற் சேர்ந்தார். கிழக்கு ஆபிரிக்கக் கரையில் பணிபுரிந்தகாலை மலேரியாக் காய்ச்சல் அவரைப் பற்றியது. இறுதிவரை அது அவரை விட்டு நீங்கவில்லை. அதிகம் பேசாதவர், கூச்ச இயல்பினர், கடமையிற் கண்டிப்பானவர். 1913 ஆம் ஆண்டு, சீனக் கரையிலுள்ள சிங்டாவ் துறைமுகத்தில் தங்கியிருந்த எம்டன் என்னும் கப்பலுக்குத் தலைவரானார். மூன்று புகைபோக்கிகளும் பத்துச் சிறு பீரங்கிகளும் உடைய நடுத்தரக் கப்பல் அது.

1914 ஆம் ஆண்டு ஜூன் 28 ஆம் நாள் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். ஒரு திங்கள் கழிந்த அளவில் அரசுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போரில் வீழ்ந்தன. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஐரோப்பா முழுதும் தீப்பற்றியது. ஜெர்மனியின் கிழக்காசியக் கப்பற்படை பசிபிக் கடல் வழியே செல்லத் தீர்மானித்தது. முல்லரோ, தமது கப்பலை மட்டும் இந்து சமுத்திரத்துக்கு அனுப்புமாறு வேண்டி உத்தரவு பெற்றார். நிலக்கரி கொடுக்க நட்புத் துறைமுகம் ஒன்றேனும் இல்லாத, பகைவர்க்கே உரிய கடல் அது. மரத்தாலும் கித்தானாலும் நான்காவது புகைபோக்கி ஒன்றைப் பொய்யாக அமைத்து, ஆங்கிலக் கப்பல் போலத் தோன்றச் செய்து அவர் வங்கக்கடலிற் புகுந்தார். எம்டன் என்னும் சொல்லுக்கு நாம் வழங்கும் தந்திரப் பொருள் இங்கிருந்து எழுந்ததே.

ஆயின் அத்தந்திரத்தோடு வேறொரு பண்பும் உடன் நின்றது. வணிகக் கப்பலைப் பிடித்தவுடன் அதிலுள்ளோர் அனைவரையும் பாதுகாப்பாக இறக்கிய பின்னரே அவர் அதனை மூழ்கடிப்பார். கல்கத்தாவிலிருந்து லண்டனுக்குத் தேயிலை ஏற்றிச் சென்ற டிப்ளோமாட் என்னும் கப்பலும் அவ்வாறே கடலில் ஆழ்ந்தது. கபிங்கா என்னும் கப்பலில் அதன் தலைவரின் மனைவியும் குழந்தையும் இருந்தனர். முல்லர் அதனைத் தொடாது, சிறைப்பட்ட மாலுமிகள் யாவரையும் அதிலேற்றி வழியனுப்பினார். விடைபெற்ற பகைநாட்டு மாலுமிகள் எம்டனை வாழ்த்தி ஆரவாரித்தனராம்.

செப்டெம்பர் 22 ஆம் நாள் இரவு அவர் சென்னைத் துறைமுகத்தை அணுகி, எண்ணெய்த் தொட்டிகளின்மேல் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை எறிந்தார். தொட்டிகள் எரிந்தன, நகரத்து மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். குடிமக்கள் இல்லங்களைத் தாக்கக் கருதாதவர் எனினும், அவ்விரவில் ஐந்து உயிர்களேனும் மாய்ந்தன. குண்டு எறிந்தவர் நல்லவராயினும் குண்டு நல்லதாகிவிடாது என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னர் அவர் இலங்கைக் கரையோரம் வந்து, கொழும்பை நாடி வந்த கப்பல்களைப் பிடித்தார். இதன் பொருளை மலைநாட்டார் நன்கு உணர்வர். ஹட்டனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் புகையிரதமேறிக் கொழும்பு சேர்ந்து கடல் கடக்க வேண்டும். பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அரிசி கடல் கடந்து வந்து மலையேற வேண்டும். கப்பல் நின்றால் கொழுந்துக்கு விலையில்லை. லயத்து உலைக்கு அரிசியில்லை. வணிகக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டகல அஞ்சின. அச்சம் கடலோடு நிற்கவில்லை. யால வனத்தைக் காத்துவந்த எங்கெல்பிரெக்ட் என்னும் போயர் இனத்தவர், எம்டனுக்கு இறைச்சி வழங்கினார் என்று குற்றஞ்சாட்டப்பெற்றுச் சிறையிலிடப்பட்டார். அது பொய்யென்பது பின்னரே வெளிப்பட்டது.

அக்டோபர் 28 ஆம் நாள் வைகறையில் முல்லர் பினாங்குத் துறைமுகத்தினுள் நுழைந்து ரஷ்யப் போர்க்கப்பலொன்றை வீழ்த்தினார். எதிர்ப்பட்ட பிரெஞ்சுக் கப்பலொன்றையும் மூழ்கடித்தார். நீரில் தத்தளித்த பிரெஞ்சு வீரர்களைத் தம் கப்பலிலேற்றிக் காத்தார். தோற்றோர்மேற் படை செலுத்தாமையைத் தழிஞ்சி என்னும் துறையாக வகுத்த நம் இலக்கண ஆசிரியர்க்கு அச்செயல் உவப்பாகவே இருந்திருக்கும்.

நவம்பர் 9 ஆம் நாள் கொக்கோஸ் தீவில் தந்தி நிலையத்தை அழிக்கச் சென்றபோது, ஆஸ்திரேலியாவின் சிட்னி என்னும் கப்பல் அவரை எதிர்கொண்டது. அதன் பீரங்கிகள் பெரியவை. சிதைந்த எம்டனை முல்லர் பவளப்பாறைமேல் ஏற்றி நிறுத்தினார். அவருடைய வீரர்களுள் 134 பேர் மாண்டனர். எஞ்சியோருள் பலர் கைதிகளாகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பெற்றனர். முல்லர் மால்டாத் தீவிலும், 1916 முதல் இங்கிலாந்திலும் சிறையிருந்தார். 1917 இல் சுரங்கம் தோண்டித் தோழர்களுடன் தப்பிய அவர் மீண்டும் பிடிபட்டார்.

அவர் சிறையிலிருந்தபோது போரின் முகமே மாறியது. 1915 மே 7 ஆம் நாள் ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்று லூசித்தானியா என்னும் பயணிகள் கப்பலை முன்னறிவிப்பின்றித் தாக்க, ஏறத்தாழ 1,200 பேர் இறந்தனர். ஆங்கிலக் கப்பற்படையின் முற்றுகையோ ஜெர்மானிய மக்களைப் பட்டினியில் வாட்டியது. 1917 இல் நீர்மூழ்கிகள் கட்டுப்பாடின்றித் தாக்கத் தொடங்கவே அமெரிக்காவும் போரில் இறங்கியது. ஆளை இறக்கிவிட்டுக் கப்பலை அழித்த முல்லரின் முறை மூன்றாண்டுக்குள் பழங்கதையாயிற்று.

1918 நவம்பர் 11 ஆம் நாள் போர் ஓய்ந்தது. நோயினால் அதற்குச் சற்று முன்னரே தாயகம் திரும்பியிருந்தார் முல்லர். நாட்டின் உயரிய விருது அவருக்குக் கிடைத்திருந்தது; ஆனால் அவர் பணிபுரிந்த கடற்படை எஞ்சவில்லை. 1919 ஜூன் 28 இல் வெர்சேல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அவ்வாண்டிலேயே அவர் ஓய்வு பெற்றார். பின்னர் பிரவுன்ஷ்வைக் மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினராயிருந்து, 1923 மார்ச் 11 ஆம் நாள் ஐம்பது வயது நிரம்புமுன்னரே காலமானார்.

எம்டனின் கதையை நூலாக எழுதினால் பெரும்பொருள் கிட்டும் என்று பலர் அவரை வற்புறுத்தினர். தோழர்களின் குருதியைக் காசாக்குவது போலத் தமக்குத் தோன்றுகிறதெனக் கூறி அவர் மறுத்துவிட்டார். அவர் தம் கதையைச் சொல்லாது விட்டமையால் கப்பலின் தந்திரம் மட்டும் ஊர்வாயில் எஞ்சியது. இனி எவனையேனும் எம்டன் என்று மாணவர் அழைக்கக் கேட்டால், கபிங்காவில் இருந்த அக்குழந்தையையும் சென்னையில் மாண்ட ஐவரையும் சேர்த்தே அவர்களுக்குச் சொல்லுதல் ஆசிரியராகிய நம் கடமையாகும்.